கீழே ஒரு கீறல், மேலே ஒரு கீறல்

மூன்று மாதமாக என் மேசையில் ஒரே தாள்தான் கிடக்கிறது. குறுக்கே ஒரு நீளக் கோடு. கோட்டோடு சேர்த்து இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ஆங்கில எழுத்துகள். கோட்டிலிருந்து கீழே தொங்கும் சின்னக் கீறல்கள், மேலே நிமிர்ந்து நிற்கும் சின்னக் கீறல்கள். உப்பளத்துப் பாத்தி வரம்பில் யாரோ வரிசையாகக் குச்சி நட்டுவைத்தது போலிருக்கும். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் கிட்டார் அடித்தவர்கள் தங்கள் கைக்கு எழுதிவைத்த பாடம் இது.

நான் கற்பிட்டிக்காரன். சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கலியாண வீட்டில் பைலாவும் வாசிப்பேன். பரோக் கிட்டார் என்று சொல்லும் அந்தப் பழைய கிட்டார் பக்கம் போனது பிறகுதான், இணையத்தில் யாரோ வாசித்ததைக் கேட்டு. கேட்டவுடன் ஒன்று உறைத்தது. இந்தத் தாளத்தை நான் இங்கேயே, புத்தளத்திலேயே கேட்டிருக்கிறேன். அந்த எண்ணம் எவ்வளவு சரி, எவ்வளவு ஆசை என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் தாளைப் பற்றி. இந்த எழுத்து முறைக்கு அல்ஃபபேத்தோ என்று பெயர். ஓர் எழுத்து என்றால் ஒரு கோர்ட், அதாவது இடது கை விரல்கள் நிற்கவேண்டிய ஒரு நிலை. ஆனால் எழுத்துக்கும் இன்றைக்கு நாங்கள் சொல்லும் கோர்ட் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாளில் ஏ என்றிருந்தால் இன்றைய ஜி மேஜர். பி என்றால் சி மேஜர். சி என்றால் டி மேஜர். ஒரு சிலுவை அடையாளம் போட்டிருந்தால் இ மைனர். பெயர்கள் மனதில் பதிய எனக்கு இரண்டு கிழமை போனது. கீறல்கள் வலது கைக்கு. கோட்டுக்குக் கீழே தொங்கினால் கையைத் தரையை நோக்கி அடிக்கவேண்டும், மேலே நின்றால் கையைத் திருப்பி மேல்நோக்கி அடிக்கவேண்டும். அவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும்.

1606இல் ஃபுளோரன்ஸ் நகரில் ஜிரோலமோ மொந்தெசார்தோ ஒரு புத்தகம் அச்சிட்டார். எண்களும் சுரங்களும் இல்லாமலே ஸ்பானியக் கிட்டாரில் நடனங்கள் வாசிக்கலாம் என்று தலைப்பிலேயே சொன்ன புத்தகம். எழுத்தைக் கோட்டுக்குக் கீழே வைத்தால் கீழடி, மேலே வைத்தால் மேலடி. பெரிய எழுத்து நீளமான அடி, சின்ன எழுத்து குறுகிய அடி. அதற்கு முன்னமே கத்தலோனியாவில் ஹுவான் கார்லோஸ் அமாத் என்ற வைத்தியர் எழுத்துக்குப் பதிலாக எண்களைப் போட்டு இதே வேலையைச் செய்திருந்தார். அவருடைய கைநூலுக்கு 1596 என்று ஆண்டு சொல்வார்கள். இவர்கள் பெரிய வித்துவான்களுக்கு எழுதவில்லை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் கூடவே அடிக்க விரும்பிய சாதாரண ஆட்களுக்கு எழுதினார்கள். அந்த ஆட்களுக்கு நடனம் ஏற்கெனவே தெரியும், காலில் இருந்தது. ஆகவே தாளில் அதை எழுதவேண்டிய தேவை வரவில்லை. எங்களுக்கு வரும் கஷ்டம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

கஷ்டம் என்னவென்று ஒரு சின்ன உதாரணத்தால் காட்டுகிறேன். கிட்டார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையைத் தொடையில் தட்டிப் பாருங்கள்.

ஒரு வட்டத்தில் ஆறு அடி என்று வைத்துக்கொள்வோம். தாளில் கீழ், மேல், கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறிக் கீறியிருக்கிறது. கை ஊஞ்சல் போல் போய்வருகிறது. இப்போது கீழே போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாரம் கொடுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று பாரம் விழும். மிருதங்கம் படித்தவர் வாயில் சொன்னால் தக தக தக. அதே ஆறு அடி, அதே கீறல்கள், கை போகும் திசையில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பாரத்தை ஒன்றிலும் நான்கிலும் மட்டும் கொடுங்கள். தகிட தகிட. முதல் பாரம் கீழடியில் விழுகிறது, இரண்டாவது பாரம் மேலடியில் விழுகிறது. ஒரே தாளிலிருந்து இரண்டு வேறு நடனம். முதலாவதுக்கு மூன்று எட்டு வைக்கலாம், இரண்டாவதுக்கு இரண்டு.

தாளக்குறி போட்டிருந்தால் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். பல பழைய அல்ஃபபேத்தோ ஏடுகளில் அடியின் நீளம்கூட எழுதப்படவில்லை. எழுதியிருந்தாலும், அந்தக் காலத்து ஸ்பானிய நடனங்கள் பலவற்றில் இந்த மூன்றும் இரண்டும் மாறி மாறி வரும். 1674இல் சரகோசாவில் வெளிவந்த காஸ்பர் சான்ஸின் புத்தகத்தில் உள்ள கனாரியோஸ் அதற்கு நல்ல உதாரணம். ஹோவாக்கின் ரொட்ரீகோ 1954இல் கிட்டாருக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய படைப்பில் அந்த மெட்டை எடுத்திருக்கிறார், பலர் அதன் வழியாகக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு வட்டம் தகிட தகிட என்று போகும், அடுத்தது தக தக தக என்று திரும்பும். எந்த இடத்தில் கை எப்படிப் பாரம் மாற்றவேண்டும் என்பதைக் கீறல் சொல்லாது. கீறல் திசையை மட்டும்தான் சொல்லும்.

எனக்கு இதில் இன்னொரு தடை இருந்தது. அது என் கிட்டாரிலேயே இருந்தது. இன்றைய கிட்டாரில் கீழடி என்றால் தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பியில் முடியும். தொடக்கத்திலேயே ஒரு கனத்த இடி. மேலடி அப்படியல்ல, கீச்சென்று தொடங்கி மங்கிப் போகும். ஆகவே எங்கள் காதில் கீழ் என்றால் பாரம், மேல் என்றால் இலேசு என்று பதிந்துபோய்விட்டது. பரோக் கிட்டாருக்கு ஆறாவது கம்பி கிடையாது. ஐந்து வரிசை, பெரும்பாலும் சோடி சோடியாக, ஆட்டுக் குடல் நரம்பில். அதுவும் பல இடங்களில் ஐந்தாவது, நான்காவது வரிசைகளுக்குத் தடித்த கம்பியே போடவில்லை, மெல்லியதையே போட்டு ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்தார்கள். சான்ஸ் இதை விவரமாகச் சொல்கிறார். உரோமில் இருக்கும் ஆசிரியர்கள் மெல்லிய கம்பி மட்டும் போடுகிறார்கள், ஸ்பெயினில் தடித்ததும் போடுகிறார்கள், சத்தமாக அடித்து வாசிக்கத் தடித்தது நல்லது, விரலால் நுணுக்கமாக மீட்ட மெல்லியது நல்லது என்று இரண்டு பக்கமும் நின்று பேசுகிறார்.

பரோக் கிட்டார் வாங்க எனக்கு வழியில்லை. ஆனால் கடையில் வாங்கும் சாதாரண நைலோன் கம்பிகளை வைத்தே அந்தச் சுருதியைக் கிட்டத்தட்டக் கொண்டுவரலாம். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறாவது கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாவதின் இடத்தில் இன்னொரு இரண்டாவது கம்பியைப் போட்டு, பி-யிலிருந்து ஏ-க்கு இறக்குங்கள். நான்காவதின் இடத்தில் இன்னொரு முதலாவது கம்பியைப் போட்டு, இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். இப்போது வாத்தியத்தில் ஆகத் தாழ்ந்த சுரம் நடுவில் இருக்கும் மூன்றாவது கம்பியில். கீழே அடித்தாலும் மேலே அடித்தாலும் இடி இல்லை. இரண்டும் ஒரே மாதிரிப் பளிச்சென்று கேட்கும். எனக்கு அன்றைக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. கீழடிக்குத் தானாக வந்துகொண்டிருந்த பாரத்தைக் கம்பிதான் கொடுத்தது, கை கொடுக்கவில்லை. அந்தக் கம்பியை எடுத்துவிட்டால் பாரத்தை எங்கே வைக்கலாம் என்பது முழுக்க என் கையில் வந்துவிடுகிறது. எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் சிறாம்பியடிக்கு வருகிறேன்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் இருக்கிற சின்ன ஊர். இலங்கையின் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களில் ஒரு பகுதியினர் வாழும் இடம். அவர்களைக் காப்பிரி என்பார்கள். இந்தச் சொல்லை வேறு நாடுகளில் வசையாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரே அதுதான், ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன். அவர்களுடைய முன்னோரைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், பிறகு ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவே வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கலைந்தபோது புத்தளத்தில் நின்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். கத்தோலிக்கர். இப்போது வீட்டில் பேசுவது சிங்களம், எங்களோடு தமிழும் கதைப்பார்கள். ஆனால் பாடும்போது மட்டும் வாயில் வருவது போர்த்துக்கேயக் கிரியோல். அந்தப் பாட்டுக்கு மஞ்சா என்று பெயர்.

மஞ்சாவுக்குக் கிட்டார் தேவையே இல்லை. றபான், சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல், ஒரு உலோகப் பாத்திரம் இருந்தால் போதும். மெதுவாக, கதைப்பது போலத் தொடங்கும். இரண்டு வரி, திரும்பத் திரும்ப. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி, ஒரு கட்டத்தில் எல்லாரும் எழும்பி ஆடத் தொடங்கி, உச்சத்தில் டக்கென்று நின்றுவிடும். ஆறு அடி வட்டம்தான். அதே ஆறு அடி காப்பிரிஞ்ஞா ஆட்டத்திலும் இருக்கிறது, பைலாவிலும் இருக்கிறது. பொலிஸ்காரராக இருந்த வாலி பஸ்தியன்ஸ் பைலாவைக் கிட்டாரோடு சிங்களத்தில் பாடி நாடு முழுக்கக் கொண்டுபோனார். இலங்கையில் கலியாண வீட்டுக்குப் போன எவருக்கும் அந்தத் தாளம் கால்வழியாகத் தெரியும்.

ஒரு திருநாள் முடிந்த பின்னேரம் அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். கிட்டாரும் கையில் இருந்தது, ஆறாவது கம்பி இல்லாத அதே கிட்டார். பாட்டுக்குக் கூடவே அடித்தேன். எனக்கு எதிரே ஒரு மூத்த அம்மா இரண்டு சிரட்டைகளை வைத்திருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புத்தே, நீ கீழே மட்டும்தான் அடிக்கிறாய்" என்றார். நான் மேலும் கீழும்தானே அடிக்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் பதில் கேட்க நிற்கவில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அவருடைய கையைப் பார்த்தேன். இடது கையில் ஒரு சிரட்டை மல்லாந்து இருக்கிறது, உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தபடி. வலது கைச் சிரட்டை மேலிருந்து இறங்கி அதில் மோதுகிறது, திரும்பி ஏறும்போது விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது. இறங்கும்போது ஒரு சத்தம், ஏறும்போது ஒரு சத்தம். கை நிற்கவே இல்லை, கீழ், மேல், கீழ், மேல் என்று ஒரே சீராகப் போகிறது. நான்காவது அடி ஏறும் அடி. அந்த ஏற்றத்தில்தான் அவர் மணிக்கட்டைச் சுண்டினார். ஆடிக்கொண்டிருந்தவர்களின் குதிக்கால் மண்ணில் விழுந்ததும் அதே நொடிதான். கை மேலே போகிறது, கால் கீழே விழுகிறது, பாரம் அங்கே இருக்கிறது. அவர் எனக்குச் சொன்னது அப்போதுதான் விளங்கியது. என் கை இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது, ஆனால் பாரம் முழுக்கக் கீழே மட்டும் இருந்தது. அவர்களுடைய தகிட தகிட ஆட்டத்துக்கு நான் தக தக தக என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, போனில் பதிந்ததைப் போட்டு, அந்தச் சிரட்டை அடிகளைப் பழைய முறையிலேயே எழுதிப் பார்த்தேன். ஒரு கோடு கீறி, இறங்கும் அடிக்குக் கீழே ஒரு கீறல், ஏறும் அடிக்கு மேலே ஒரு கீறல். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் கீழ், மேல், கீழ், மேல், கீழ், மேல். அவருடைய அடி அத்தனையும் தாளில் இருந்தது. அவருடைய ஆட்டத்தில் ஒன்றும் தாளில் இல்லை. மேசையில் கிடந்த மற்றத் தாளைப் பார்த்தேன். அதுவும் இப்படித்தான் யாரோ ஒருவர் கையிலிருந்து எழுதப்பட்டிருக்கும், அவரும் தன்னைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களை நம்பித்தான் எழுதியிருப்பார் என்ற எண்ணம் வந்தபோது, அந்தக் கீறல்கள் மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது.

அந்தத் தாளில் இருப்பது சரம்பெக்கே என்ற நடனம். சந்தியாகோ டி முர்சியாவின் கையெழுத்து ஏட்டிலிருந்து ஒற்றைக் கோட்டுக்கு மாற்றி எடுத்தது. முர்சியா மட்ரிட்டில் ஸ்பெயின் அரசியாருக்குக் கிட்டார் கற்பித்தவர். ஆனால் இந்த ஏடு கிடைத்தது மெக்சிக்கோவில், 1943இல், கப்ரியேல் சல்தீவார் என்ற ஆய்வாளர் கையில். அதில் கும்பே என்று இன்னொரு நடனமும் இருக்கிறது. இரண்டு பெயருக்கும் பின்னால் ஆப்பிரிக்கா நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அகராதியே சரம்பெக்கேயைக் கறுப்பின மக்களிடையே அதிகம் புழங்கும் கலகலப்பான ஆட்டம் என்றுதான் விளக்குகிறது. அத்திலாந்திக் கடலின் இரு கரையிலும் அடிமைப்பட்ட மக்கள் ஆடியதை, அரண்மனை ஆசிரியர் ஒருவர் கீறல்களாக எழுதி வைத்திருக்கிறார்.

அன்றிரவு சரம்பெக்கேயை மறுபடி எடுத்தேன். மேலடியில் மணிக்கட்டைச் சுண்டினேன். மூன்று மாதம் மரக்கட்டை போல் கிடந்தது எழும்பி நடந்தது. அந்தச் சந்தோசத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இங்கே நிதானம் வேண்டும். பார்த்தீர்களா, புத்தளத்து மஞ்சாதான் முர்சியாவின் நடனம், போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் பொய். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்து 1658இல் முற்றாகப் போனார்கள். முர்சியா எழுதியது அதற்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தி. சிறாம்பியடி மக்களின் முன்னோர் ஒரே கப்பலில், ஒரே ஊரிலிருந்து வந்தவர்களும் அல்ல. பட்டாள வாழ்க்கை, சிங்களப் பாட்டு, கோயில் பாட்டு, எல்லாம் மஞ்சாவுக்குள் கலந்திருக்கும். லேஞ்சி, சப்பாத்து, கதிரை, அலுமாரி, குசினி, பாண் என்று நாங்கள் நாள் முழுக்கப் பேசுவது போர்த்துக்கேயச் சொற்கள்தான். அதைக் கேட்டு 1600ஆம் ஆண்டில் லிஸ்பனில் எப்படிப் பேசினார்கள் என்று ஒருவர் முடிவுகட்ட முடியாது. தாளத்துக்கும் அதே நியாயம்தான்.

நான் சிறாம்பியடியில் எடுத்துக்கொண்டது விடையை அல்ல. தாளில் எது விடுபட்டிருக்கிறது என்பதை. கீழடி என்றால் பாரம் என்று எந்த ஏடும் எனக்குச் சொல்லவில்லை, அது என் பழக்கம். அந்தப் பழக்கத்தை உடைக்க, வேறு விதமாகப் பாரம் வைத்து, அதில் பிறந்து வளர்ந்த ஒருவர் எதிரே இருக்கவேண்டியிருந்தது. கீறல்களை வாசிக்கப் பழகும் எவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: கண்ணால் எண்ணாதீர்கள். கையை முதலில் ஊஞ்சலாக ஆடவிடுங்கள், கம்பியில் படாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு பாரத்தை ஒவ்வொரு அடியாக நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் கால் தானாகத் தூக்குகிறதோ அங்கே நில்லுங்கள். அது ஒன்றுக்கு மேற்பட்ட இடமாகவும் இருக்கும். அப்போது ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு நீங்களே பொறுப்பெடுக்கவேண்டும்.

உடப்புப் பக்கம் போனால் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது. அதன் சொற்களைப் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த எழுத்தை வாசிக்கும்போது வலை எந்தச் சொல்லில் இழுபடுகிறது என்று தெரியாது. கரையில் நின்று கயிற்றைப் பிடித்தவனுக்குத் தெரியும். கிரியோல் பாட்டுக்கும் இந்தக் கதிதான். 19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி இலங்கையில் சேர்த்த ஏடுகளில் காப்பிரிஞ்ஞாப் பாட்டுகளும் இருக்கின்றன, இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். பிற்காலத்தில் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய அவற்றை எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார். அந்தச் சொற்கள் பத்திரமாக இருப்பது பெரிய ஆறுதல். சிரட்டையின் நான்காவது அடி மட்டும் இன்றைக்கும் சிறாம்பியடியில் சில வீடுகளில்தான் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்கு வெளியூர் போகிறார்கள். பாட்டின் பொருள் முழுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். எனக்கு அது சாதாரணமான கவலையாக இல்லை.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. சில ஏடுகளில் ட்ரில்லோ, ரெப்பிக்கோ என்று இரண்டு அலங்காரங்கள் வரும். ட்ரில்லோ சுட்டுவிரலால் கீழும் மேலும் வேகமாக உரசுவது, அது லேசு. ரெப்பிக்கோவில் விரல்களும் பெருவிரலும் மாறி மாறி இறங்கி மாறி மாறி ஏறவேண்டும். அந்தக் காலத்துக் கிட்டார் ஆசிரியர்களான ஃபொஸ்கரினியும் கொர்பெத்தாவும் தங்கள் புத்தகங்களில் அதைச் சொல்லால் விளக்க மிகவும் முயன்றிருக்கிறார்கள். எந்த விரல் முதலில், எது பிறகு என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். வாசிக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பாசம் வருகிறது. எழுத முடியாத ஒன்று கைவிட்டுப் போகக்கூடாது என்ற தவிப்பு அந்த வசனங்களில் தெரிகிறது. எனக்கு அது இன்னும் கைக்கு வரவில்லை. போத்தலில் கரண்டி அடிக்கும் ஒருவர் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி உருட்டுவதை அன்றைக்குப் பார்த்தேன், அடுத்த முறை அவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும்.

ஏரிப் பக்கத்துக் காற்று ஈரமாக வருகிறது, ஏ கம்பி மறுபடி இறங்கிவிட்டது. தாளில் ஒவ்வொரு வட்டத்திலும் மேலே நிமிர்ந்து நிற்கும் நான்காவது கீறலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன். ஏழு வரிக்கு வைத்தாகிவிட்டது. எட்டாவது வரியில் ஓரிடத்தில் கீழே இரண்டு கீறல் அடுத்தடுத்து வருகிறது. அங்கே பாரம் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.